மூக்கனின் இடது கால்

ஏரம்புவின் குரலைக் கண்டாவளையில் தெரியாதவர்கள் இல்லை. நெல்லுக் குத்தும் மில்லில் பகல் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேலால் பேசிப் பேசி, மெதுவாகக் கதைப்பது எப்படியென்றே அவனுக்கு மறந்துபோயிருந்தது. "நான் குசினிக்குள்ளதான் நிக்கிறன், பரந்தனில இல்லை" என்று மனைவி அருந்ததி சமையலறையிலிருந்து நாளுக்கு ஒருதடவையாவது சொல்லுவாள்.

வீட்டில் தொல்லையாக இருந்த அந்தக் குரல் உதைபந்தாட்ட மைதானத்தில் ஊருக்கே பெருமையாக இருந்தது. வளர்பிறை விளையாட்டுக் கழகம் எங்கே விளையாடினாலும், ஏரம்பு வந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் பெடியள் பூட்ஸ் கட்டுவார்கள். ஆனால் அவன் ஒருநாளும் கழகத்துக்காகப் பந்தடித்தவனில்லை. பதினாறு வயதில் முயன்று பார்த்தான். பந்து ஒரு பக்கம் போக அவன் இன்னொரு பக்கம் ஓடினான். அதன்பிறகு கோட்டுக்கு வெளியேதான் தன் இடமென்று தெரிந்துகொண்டான்.

எண்பத்தைந்தாம் ஆண்டுச் சிறுபோக அறுவடை நேரத்தில், வளர்பிறைக்கென்று ஒரு குழு இல்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பெடியள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கோல் காத்த கணபதி ஜெர்மனிக்குப் போனான். முன்னுக்கு விளையாடிய இரண்டு பேர் காட்டுக்குப் போனார்கள். எந்த இயக்கத்தில் இருக்கிறார்கள் என்று தாய்மாருக்கே சரியாகத் தெரியாது. மைதானத்தில் மாடுகள் மேய்ந்தன. கோல் கம்பங்களில் ஒன்றை யாரோ கொட்டில் போடப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

பின்னேரம் எஞ்சினை நிற்பாட்டியதும் இளையதம்பி வருவான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், கழகத்தின் செயலாளராக இருந்தவன். கழகம் இல்லாமல் போன பிறகும் ஊரார் அவனைச் 'செக்கிறட்டரி' என்றுதான் கூப்பிட்டார்கள். தவிட்டு மூட்டையில் சாய்ந்துகொண்டு, "எழுபத்தெட்டில முதல் மட்ச் ஞாபகமோ?" என்று தொடங்குவான்.

ஏரம்புவுக்கு மறந்தால்தானே.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட சனம் லொறிகளில் வன்னிக்கு வந்திறங்கியது. அதில் ஒரு கூட்டம் முல்லைத்தீவு றோட்டிலிருந்து உள்ளே போகிற காட்டை வெட்டிக் குடியேறி, அந்த இடத்துக்கு முத்துமாரிபுரம் என்று பெயர் வைத்தது. கிணறு வெட்டி முடிக்கும் முன்னரே அவர்கள் கோல் கம்பம் நட்டுவிட்டார்கள் என்று இளையதம்பி சொல்லுவான். அது அவன் கூட்டிச் சொல்வது. ஆனால் அடுத்த வருடமே 'புதுவாழ்வு விளையாட்டுக் கழகம்' என்று ஒரு குழு கண்டாவளைக்கு வந்தது உண்மை. பதினொரு பேரும் வெறுங்கால். காற்சட்டைகளில் ஒன்றின் நிறம் மற்றதோடு சேரவில்லை. வளர்பிறைக்காரர் சிரித்தார்கள். மட்ச் முடிந்தபோது நாலுக்கு ஒன்று என்று தோற்றுப்போய் நின்றவர்கள் வளர்பிறைக்காரர்தான்.

நாலு கோலும் மூக்கனுடையவை. ஒல்லியான ஆள், கழுத்து நீளம், இடது காலை மட்டும் நம்பியிருப்பவன். பந்து அவனிடம் போகும்போது ஒரு பாதகமும் இல்லாததுபோலத்தான் இருக்கும். சோர்ந்துபோனவன்போல நிற்பான். பிறகு தோளை ஒரு பக்கம் சரிப்பான். மறிக்கப் போனவன் அந்தப் பக்கம் விழுந்து கிடப்பான். பந்து கணபதியைத் தாண்டிப் போயிருக்கும்.

அன்றைக்கே ஏரம்பு மூக்கனைத் தன் வாய்க்கு எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மட்சிலும், மூக்கன் எந்தப் பக்கத்தால் ஓடினானோ அந்தப் பக்கத்துக் கோட்டோடு ஏரம்புவும் ஓடினான். "எடேய் மூக்கா, உன்ர வலது காலை ஆருக்கடா வாடகைக்குக் குடுத்தனி?" என்று கத்துவான். "காத்தடிக்குது, கம்பத்தைப் பிடிச்சுக்கொள்ளடா, பறந்திடுவாய்!" என்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மூக்கன் திரும்பியும் பார்க்கமாட்டான்.

புதுவாழ்வுப் பக்கமும் வாயில்லாத பக்கமல்ல. மூக்கனின் தமக்கை ராக்காயி பெண்களைச் சேர்த்துக்கொண்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் வருவாள். இரண்டு பேர் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கும் மேலால் அவள் குரல் கேட்கும். "கோலி அண்ணே, தூங்கிறாதீக, எந்தம்பி வர்றான்!" என்று அவள் கணபதியைப் பார்த்துக் கூவினால், கணபதிக்கு உண்மையிலேயே கால் கூசும் என்று பிறகொருநாள் அவனே சொன்னான்.

இப்படியே ஒவ்வொரு மட்சாக இளையதம்பியும் ஏரம்புவும் கதைப்பார்கள். எண்பதில் மழைக்குள் அடித்த மட்ச். எண்பத்தொன்றில் சண்டையில் முடிந்த இறுதியாட்டம். ஆனால் இந்த எண்பத்தைந்தில் ஏரம்புவுக்கு ஒரு விஷயம் உறைக்கத் தொடங்கியிருந்தது. கதை ருசிக்கவில்லை. "அது கோலில்லை" என்று இளையதம்பி சொல்லுவான். "ஓம், கோலில்லை" என்று ஏரம்பு சொல்லுவான். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் கதை தன்பாட்டில் அணைந்துபோகும். பிறகு இரண்டு பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒருநாள் காலை, அந்த றோட்டால் ஒரு மாட்டுவண்டி வந்து மில் வாசலில் நின்றது. நெல் மூட்டைகளுக்கு மேலிருந்து ராக்காயி இறங்கினாள்.

தலைமயிர் கொஞ்சம் நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள். ஏரம்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நின்றான்.

"என்ன மில்லுக்காரரே, அப்படிப் பாக்குறீங்க? எங்க பக்கத்து மில்ல டீசல் இல்லாம மூடிட்டாங்க. இல்லாட்டி உங்க வாசல மிதிப்பேனா?"

"மிதியுங்கோ, மிதியுங்கோ" என்றான் ஏரம்பு. "தோத்தவையின்ர நெல்லையும் குத்துவம். உமி மட்டும் கொஞ்சம் கூட வரும்."

"யாரு தோத்தது? எண்பத்தொன்னுல கோல் போட்டது யாரு?"

ஏரம்புவுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. இரண்டு வருடமாக அவனிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. எஞ்சினை ஓடவிட மறந்துபோய், வாசலுக்கு வந்து நின்றான்.

"அது கோலில்லை அக்கா. கம்பத்துக்கு வெளியால போன பந்து."

"உள்ளாற போச்சு."

"நான் கம்பத்துக்குப் பக்கத்தில நிண்டனான்!"

"நான் கோலுக்கு நேர் பின்னால நின்னேன். பந்து என் முழங்கால்ல வந்து பட்டுச்சு. வெளிய போயிருந்தா என்மேல எப்படிப் படும்?"

அந்த நாளில் கோலுக்கு வலை கட்ட வசதியில்லை. மூக்கன் அடித்த பந்து கம்பத்தை உரசுகிறமாதிரிப் போனது. உள்ளே போனதா, வெளியே போனதா என்று கண்ணால் பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும். கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்துக்காரர். கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த மத்தியஸ்தர் முதலில் கோல் என்றார், பிறகு யோசித்தார், பிறகு இரண்டு பக்கத்துச் சனமும் மைதானத்துக்குள் இறங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை திரும்பவும் ஆடவேண்டி வந்தது.

சங்கக்கடைக்குச் சாவியோடு போய்க்கொண்டிருந்த இளையதம்பி, ஏரம்புவின் சத்தம் கேட்டு வந்தான். வந்தவன் தானும் சேர்ந்துகொண்டான். நெல் கொண்டு வந்திருந்த மற்றவர்கள் வரிசையை மறந்து சுற்றி நின்றார்கள். ராக்காயி ஒரு குச்சியால் நிலத்தில் கோடு கீறி, கம்பம் இது, நான் இங்கே, பந்து இப்படி என்று காட்டினாள். இளையதம்பி அதை அழித்துவிட்டு வேறொன்று கீறினான்.

"எழுபத்தொன்பதுல என்ன ஆச்சுன்னு தெரியுமா?" என்று அவள் திடீரென்று கேட்டாள். "உங்க ஆளு ஒருத்தன், 'தோட்டக்காட்டான், திரும்பிப் போ'ன்னு கத்துனான். அதுவரைக்கும் எந்தம்பி சும்மா விளையாண்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

அந்த மட்சின் கடைசி நேரத்தில் மூக்கன் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதற்குக் காரணம் ஒன்று இருந்ததை ஏரம்பு ஒருநாளும் யோசித்ததில்லை.

"நீங்க இல்ல" என்றாள் ராக்காயி அவனைப் பார்த்து. "உங்க குரல் எனக்குத் தெரியாதா? நீங்க அவன் காலப் பத்தித்தான் வைவீங்க. அவன் சாதிய, சனத்தப் பத்தி ஒருநாளும் வைஞ்சதில்ல."

ஏரம்பு எஞ்சினை ஓடவிட்டான். அவளுடைய நெல்லை முதலில் கொட்டினான். தவிடு பறக்க, பெல்ட் சுழல, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்க வெளியே வந்தான்.

"இப்ப மூக்கன் எங்கை அக்கா? எண்பத்து மூண்டில அவன் விளையாட வரேல்லை. பயந்திட்டான் எண்டு நாங்கள் சொல்லித் திரிஞ்சனாங்கள்."

ராக்காயி முந்தானையால் முகத்தில் படிந்த தவிட்டைத் துடைத்தாள்.

"அவன் இந்தியாவுக்குப் போயிட்டான். ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எங்க குடும்பத்துல அம்மாவுக்கும் அவனுக்கும் இந்தியாப் பிரஜைன்னு எழுத்து வந்துச்சு. கல்யாணம் கட்டிப் போனதால எனக்கு இலங்கை. எண்பத்திரெண்டுல தலைமன்னார்ல கப்பலேத்திவிட்டேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கானாம். போன சனத்துக்கிட்டேருந்து கேள்விப்பட்டதுதான். எல்லாம் சரிவான மலையாம், பந்து போட ஒரு சமதரை இல்லையாம்."

"எண்பத்திரண்டிலயோ? அந்த வருசம் இஞ்சை வந்து விளையாடினவனே."

"அதுக்கு அடுத்த கிழமைதான் போனான்."

ஏரம்புவுக்கு அந்தப் பின்னேரம் கண்முன் வந்தது. வளர்பிறை மூன்றுக்கு இரண்டென்று வென்ற மட்ச். முடிந்த பிறகு மூக்கன் தன் ஆட்களோடு போகவில்லை. மைதானத்துக்குக் குறுக்கே நடந்து, வளர்பிறை ஆட்கள் நின்ற மருதமரத்தடிக்கு வந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். யாரோ தண்ணீர்க் கேத்திலைக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் போகாமல் அவர்களுக்கு நடுவில் நிலத்தில் இருந்துவிட்டான். வென்ற உசாரில் ஏரம்பு அவனை விடவில்லை. இடது காலையும் இனி வாடகைக்குக் கொடுத்துவிடு என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி இருந்தான். இருட்டும்வரை இருந்தான். "கொழுப்பைப் பார்" என்று இளையதம்பி பிறகு சொன்னான்.

"அண்டைக்கு எங்களிட்டை வந்திருந்தவன்" என்றான் ஏரம்பு.

"தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னான். 'அந்த மில்லுக்காரரு பேச்ச இன்னொரு தடவ கேட்டுட்டு வந்தேன்க்கா. அங்க போனா என்னைய இப்படி வைய யாரு இருக்கா? என்னைய யாருன்னே தெரியாதே'ன்னான்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏரம்பு ஏதோ சொன்னான். அது யாருக்கும் கேட்கவில்லை. அவன் குரல் யாருக்கும் கேட்காமல் போனது அன்றைக்குத்தான் முதல்தடவையாக இருக்கவேண்டும்.

அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது ராக்காயி சொன்னாள்: "ஆடிக் கடைசியில எங்க அம்மனுக்குப் பூசை. ஞாயித்துக்கிழமை மட்ச் வைப்போம். எங்ககிட்டயும் பழைய ஆளுக இல்ல, ஆனா பதினோரு பேரு தேறும். உங்ககிட்ட ஆளிருந்தா வாங்க."

"வருவம்" என்றான் ஏரம்பு, இளையதம்பியைக் கேட்காமலே.

அந்தக் கிழமை முழுக்க ஏரம்பு சைக்கிளில் திரிந்தான். எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் ஒரே பதில்தான்: அவன் இல்லை, அவன் போய்விட்டான், அவன் வருவதில்லை. கணபதியின் தாய் அவனை இருத்தித் தேத்தண்ணி தந்து, மகனின் கோல்காப்புக் கையுறையை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். "அங்கை பனிக்குள்ள வேலையாம் தம்பி. விளையாடுறதோ எண்டு நான் கேக்கேல்லை" என்றார். அவன் எழும்பிப் போகும்போது கையுறையை அவன் கையில் வைத்துவிட்டார்.

கடைசியில் ஏழு பேர் சேர்ந்தார்கள். அதில் இளையதம்பி ஒருவன். அவனுக்கு வயிறு வைத்து வெகுகாலம். பாடசாலை வாத்தியார் ஒருவர். ஏழாவது ஆள் ஏரம்பு.

"நீங்களோ?" என்றாள் அருந்ததி. "பந்தைக் கண்டால் மற்றப் பக்கம் ஓடுற ஆள்."

"கோலுக்குள்ள நிண்டால் ஓடத் தேவையில்லை" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முத்துமாரிபுரத்துக்குப் போனபோது மைதானத்தைச் சுற்றிச் சனம் நிறைந்திருந்தது. கோயிலில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தப்பும் வந்திருந்தன. வளர்பிறையின் ஏழு பேரைக் கண்டதும் யாரும் சிரிக்கவில்லை. புதுவாழ்வின் தலைவன் பதினொரு பேருக்கு மேலதிகமாக நின்ற தன் ஆட்களைப் பார்த்து, "நாலு பேரு அந்தப் பக்கம் போங்கப்பா" என்றான். நாலு இளந்தாரிகள் மறுபேச்சுப் பேசாமல் வந்து வளர்பிறையின் மஞ்சள் சேட்டைப் போட்டுக்கொண்டார்கள்.

ஏரம்பு கணபதியின் கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றான். இத்தனை வருடம் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த மைதானம், உள்ளேயிருந்து பார்க்க வேறொன்றாக இருந்தது. எல்லோரும் தூரத்தில் நின்றார்கள். அவன் மட்டும் தனியாக நின்றான். கணபதி இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்தான்.

"மில்லுக்கார அண்ணே!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "தூங்கிறாதீக!"

திரும்பாமலே தெரிந்தது. ராக்காயி கோலுக்குப் பின்னால் தன் கூட்டத்தோடு இருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஓயவில்லை. "கைய விரிங்க, நெல்லா காயப்போடுறீங்க?" என்றாள். "குனியாதீங்க, நிமிரத் தூக்கிவிட ஆள் வேணும்!" என்றாள். பெண்கள் சிரித்துச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஏரம்புவுக்குக் காது சூடேறியது. அதே நேரம், தன்னை அறியாமல், முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஒரு ஆளைப் பார்த்துப் பார்த்து, அவன் கையையும் காலையும் விடாமல் கவனித்துக் கத்துவதென்றால் அவன்மேல் எவ்வளவு பற்று வேண்டும் என்று அவனுக்கு விளங்கியது. அது மூக்கனுக்கு எப்போதோ விளங்கியிருந்தது.

முதல் பந்து வந்தது. எப்படியோ பிடித்துவிட்டான். வளர்பிறைக்காரர் கத்திய கத்தலில் தப்பே நின்றுபோனது. இரண்டாவதைப் பிடிக்கவில்லை. மூன்றாவது அவன் கால்களுக்கு இடையால் போனது. மறுபக்கத்தில் இளையதம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இடத்துக்கு ஒரு பந்து வந்து, அவன் முழங்காலில் பட்டு, கோலாகிவிட்டது. மஞ்சள் சேட்டுப் போட்ட முத்துமாரிபுரத்து இளந்தாரிகள் அவனைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

இரண்டாம் பாதியில் ஆனையிறவு இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தப்பு நின்றது. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மரங்களுக்குக் கீழே ஓடினார்கள். இரண்டு கழகத்து ஆட்களும் ஒரே பாலைமரத்தின் கீழ் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வெறும் மைதானத்தின் நடுவில் பந்து மட்டும் கிடந்தது. ஹெலி வடக்குப் பக்கமாக உயரத்தில் போனது. சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை யாரும் அசையவில்லை.

"எந்தம்பி இருந்திருந்தா" என்றாள் ராக்காயி மெதுவாக, ஏரம்புவுக்குப் பக்கத்தில் நின்று, "இந்நேரம் அஞ்சு போட்டிருப்பான்."

"ஆறு" என்றான் ஏரம்பு.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒருநாளும் இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

"அவன் வந்து எனக்கு ஆறு கோல் அடிக்கவேணும் அக்கா. நான் அதைப் பாக்கவேணும்."

மட்சைத் தொடர்ந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புதுவாழ்வு நாலு, வளர்பிறை ஒன்று என்று முடிந்தது. கோயிலடியில் எல்லோரையும் இருத்தி, வாழையிலையில் பொங்கலும் கடலையும் வைத்தார்கள். ராக்காயி இரண்டாம்தரமும் கொண்டுவந்து ஏரம்புவின் இலையில் போட்டாள். "நல்லாத்தான் தடுத்தீங்க, அந்த ஒன்ன" என்றாள்.

"மூக்கனுக்கு ஆரிட்டையாவது சொல்லிவிடுங்கோ" என்றான் ஏரம்பு. "மில்லுக்காரன் கோலுக்குள்ள நிண்டவன் எண்டு."

"யாருகிட்டச் சொல்லிவிடுறது? இப்பக் கப்பலும் இல்ல. போறவங்க இருந்தாச் சொல்றேன்."

இருட்டுப்பட முன் அவர்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். வழிநெடுக இளையதம்பி தன் கோலைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தான். முழங்காலில் தற்செயலாகப் பட்ட பந்து, முல்லைத்தீவு றோட்டில் ஏறுவதற்குள் அவன் வேண்டுமென்று அடித்த பந்தாகிவிட்டது. ஏரம்பு மறுத்துப் பேசவில்லை. கையுறையைக் கழற்றாமலே கைபிடியைப் பிடித்திருந்தான், உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

இளையதம்பி கதைத்து ஓய்ந்த பிறகு றோட்டில் சைக்கிள் சங்கிலிகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஏரம்பு தான் பார்த்திராத ஒரு மலையை நினைத்துக்கொண்டு மிதித்தான். சரிவில் தேயிலை. நடுவில் கழுத்து நீண்ட ஒருவன் கொழுந்துக் கூடையைத் தோளில் சரித்துக்கொண்டு நடக்கிறான். அவன் இடது காலால் என்ன செய்யக்கூடியவன் என்று பக்கத்தில் நடக்கிற யாருக்கும் தெரியாது.